தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்களா என்று தெரிய ரீடு சுவிட்ச் சரிப்படுமா?

சங்ககிரி லோடு கேட்டது:

வணக்கம். எங்களிடம் ஐந்து லாரிகள் ஓடுகின்றன. மூன்று பிஎஸ்6, அதாவது புதிய புகை விதிப்படி வந்தவை, இரண்டு பழசு. எல்லாமே 24 வோல்ட், ஆறு கியர், கேபிளில் மாறுகிற கியர்பாக்ஸ். ஒசூர்ப் பக்கமிருந்து லோடு ஏற்றி தர்மபுரி தாண்டி சேலம் இறங்கும்போது, தொப்பூர் கணவாயில் எங்கள் ஆட்கள் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டு வருகிறார்கள் என்று ரொம்ப நாளாகச் சந்தேகம். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பிரேக் லைனர் மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோகிறது.

வண்டிகளில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டியில் ஒரு டிஜிட்டல் இன்புட் சும்மா கிடக்கிறது. அதில் நியூட்ரல் சிக்னலைக் கொடுத்துவிட்டால், எந்த இடத்தில், என்ன வேகத்தில் நியூட்ரலில் ஓடியது என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்பது என் யோசனை. எங்கள் ஒயரிங் கடைக்காரர், வீட்டுக் கதவுக்கு மாட்டுகிற அலாரம் சுவிட்ச், அந்த வெள்ளை பிளாஸ்டிக் ரீடு சுவிட்ச் இருக்கிறதே, அதைக் கேபினுக்குள் கியர் ராடு அடியில் ஒட்டி, ராடில் ஒரு காந்தத்தைக் கட்டிவிட்டால் போதும் என்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய், ஆறு கியருக்கும் ரிவர்சுக்கும் தனித்தனியாக ஏழு சுவிட்ச் வைத்து டேஷ்போர்டில் கியர் நம்பரே காட்டலாம் என்றும் சொல்கிறார்.

எனக்கு மூன்று சந்தேகம். கேபினுக்குள் வைப்பதா, கியர்பாக்ஸ் மேலேயே வைப்பதா? கியர்பாக்ஸ் சூட்டில் காந்தம் தாங்குமா? லாரி குலுக்கலில் கண்ணாடிக் குழாய் உடையாதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பீளமேடு பட்டறை பதில்:

முதலில் அந்தக் கதவு அலாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கச் செய்த பொருள். டீசல், தூசி, தண்ணீர் பீச்சிக் கழுவுவது எதையும் அது பார்த்ததில்லை. ரீடு சுவிட்ச் என்ற சரக்கில் குறை கிடையாது. 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் உருவாக்கியது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் லட்சக்கணக்கில் உழைத்தது. நைட்ரஜன் போன்ற வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கல் இரும்பில் இரண்டு நாக்கு. காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும், போனால் விடும். தூசி உள்ளே போகாது, கரண்டும் குடிக்காது. கெடுவதெல்லாம் நாம் பொருத்துகிற லட்சணத்தால்தான்.

எங்கே வைப்பது என்பதற்கு என் பதில்: கியர்பாக்ஸ் பக்கம். கேபினில் வைத்தால் நீங்கள் பார்ப்பது ராடின் நிலையை, கியரின் நிலையை அல்ல. கேபிள் முனையில் பால் ஜாயின்ட் தேய்ந்து ஆட்டம் வந்துவிட்டால் ராடு ஒரு கதை சொல்லும், உள்ளே கியரைத் தள்ளுகிற ஃபோர்க் வேறு கதை சொல்லும். அதுவும் பழைய வண்டி என்கிறீர்கள்.

வண்டிக்கு அடியில் போய் கியர்பாக்ஸின் மேல்பக்கம் பாருங்கள். இரண்டு கேபிள் வந்து இரண்டு லீவரில் மாட்டியிருக்கும். ஒன்று செலக்ட், அதாவது ராடை இடம் வலமாக ஆட்டும்போது நகர்வது. இன்னொன்று ஷிஃப்ட், முன்னும் பின்னும் தள்ளும்போது நகர்வது. நியூட்ரலுக்கு உங்களுக்குத் தேவை ஷிஃப்ட் லீவர் மட்டும். ராடு எந்தக் கேட்டில், அதாவது இடம் வலமாக எந்த வரிசையில் இருந்தாலும் ஷிஃப்ட் லீவர் நடுவில் நின்றால் நியூட்ரல், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கியர். ஆகவே ஏழு சுவிட்ச் எல்லாம் வேண்டாம். எல்லாக் கியரும் தெரிந்தாக வேண்டும் என்றால்கூட செலக்ட் லீவருக்கு கேட்டுக்கு ஒன்று, ஷிஃப்ட் லீவருக்கு மூன்று என்று வைத்து, இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம்பர் வந்துவிடும். ஆனால் உங்கள் கேள்விக்கு அது அதிகப்படி.

ஒரே தண்டு நகரவும் செய்து, சுழலவும் செய்கிற கியர்பாக்ஸும் உண்டு. அதில் தண்டின் மேல் காந்தத்தை ஒட்டினால் செலக்ட் செய்யும்போதெல்லாம் சிக்னல் அலையும். காந்தம் உட்காரவேண்டியது ஷிஃப்ட் கேபிள் மட்டும் இழுக்கிற லீவரில்.

இப்போது பலரும் கோட்டை விடுகிற இடம். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ரீடு சுவிட்சின் இரண்டு காலிலும் பிடியுங்கள். ஒரு நீளக் காந்தத்தைக் குழாய்க்கு இணையாகப் படுக்க வைத்து, ரொம்பக் கிட்டத்தில், குழாயின் நீளவாக்கிலேயே மெல்ல நகர்த்துங்கள். பஸ்ஸர் ஒரு தடவை கத்தாது, மூன்று தடவை கத்தும். ஒரு முனையில் கொஞ்சம், நடுவில் நிறைய, மறுமுனையில் கொஞ்சம். இது சுவிட்சின் கோளாறு அல்ல, காந்தப்புலத்தின் வடிவமே அப்படி. இதை அப்படியே வண்டியில் மாட்டினால் கியர் முழுதாக விழுந்த பிறகும் ஓரத்துக் கத்தல் வந்து நியூட்ரல் என்று காட்டும். அப்புறம் டிரைவரோடு சண்டை.

வழி சுலபம். குழாயையும் காந்தத்தையும் லீவர் நகரும் திசைக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக வையுங்கள். காந்தம் பக்கவாட்டில் வந்து குழாயைக் கடந்து போகட்டும். அப்போது ஒரே ஒரு கத்தல்தான், நட்டநடுவில். லீவர் முனை நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு எத்தனை மில்லி போகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். 20 மில்லி போகிறது என்றால், நடுவிலிருந்து 6 மில்லிக்குள் ஒட்டும்படி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஒட்டுகிற இடமும் விடுகிற இடமும் ஒன்றல்ல. 6இல் ஒட்டியது 8இலோ 9இலோதான் விடும். அது நல்லதுதான், லீவர் அதிர்ந்தாலும் சிக்னல் மினுக்காது.

அடுத்தது இரும்பு. லீவர் இரும்பு, பிராக்கெட் இரும்பு. காந்தத்தை நேராக இரும்பின் மேல் வைத்தால் புலம் இரும்புக்குள்ளேயே ஓடிவிடும், மேஜையில் வைத்து அளந்த தூரமெல்லாம் பொய்யாகும். காந்தத்துக்கு அடியில் 5 மில்லி அலுமினியமோ நைலானோ கொடுங்கள். பிடிக்கிற போல்ட் பித்தளை அல்லது 304 எவர்சில்வர். சுவிட்ச் பிராக்கெட் அலுமினியம். மேஜையில் அளந்த அளவை நம்பாமல், வண்டியில் வைத்தே அளங்கள்.

சூடு: சாதாரண நியோடைமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் கணக்கு. ஏற்றத்தில் முழு லோடோடு வந்த கியர்பாக்ஸ் எண்ணெய் அதைத் தாண்டும். 120, 150 டிகிரி தாங்குகிற ரகங்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கறுப்பு ஃபெரைட் சூட்டை நன்றாகவே தாங்கும், ஆனால் டிகிரிக்கு சுமார் 0.2 சதவீதம் பலம் குறையும். காலையில் 30 டிகிரியில் பொருத்தியது 110 டிகிரியில் 16 சதவீதம் தளர்ந்திருக்கும். ஆறினால் பழைய பலம் திரும்பிவிடும், அது வேறு. ஆகவே கடைசி அட்ஜஸ்ட்மெண்டை வண்டி லோடு அடித்து வந்து நின்ற சூட்டோடு செய்யுங்கள். கை சுடும், பரவாயில்லை.

குலுக்கலைப் பற்றிப் பயம் வேண்டாம். அந்த நாக்கு அவ்வளவு லேசானது, லாரி ஆட்டத்துக்கெல்லாம் அது அசையாது. கண்ணாடி உடைவது காலை வளைக்கும்போதுதான். கண்ணாடியை ஒட்டி வளைக்காமல், நடுவே கூர்மூக்குப் பிளையரால் பிடித்துக்கொண்டு அதற்கு அப்பால் வளைக்க வேண்டும். எபாக்சி ஊற்றினால் அது இறுகும்போது கண்ணாடியை நெரிக்கும், முதலில் சிலிக்கான் ஒரு பூச்சு. இந்த வம்பே வேண்டாம் என்றால் மறை போட்ட அலுமினியக் குழாய்க்குள் அடைத்தே விற்கிற ரீடு சென்சாரை வாங்கிவிடுங்கள். எங்கள் ஊரில் ஏர் சிலிண்டர்களுக்கு மாட்டுகிற ரீடு சென்சார் எல்லா நியூமேட்டிக் கடையிலும் கிடைக்கிறது. 24 வோல்ட், எல்இடியும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் 60, 70 டிகிரிக்குச் செய்தவை. லீவர் பக்கம் காற்றோட்டத்தில் வைத்தால் சரி, கியர்பாக்ஸ் உடம்பில் ஒட்டவைத்தால் வேண்டாம்.

கடைசியாக, தயவுசெய்து இதில் பல்பு போடாதீர்கள். 24 வோல்ட் 21 வாட் பல்பு எரியும்போது கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் எடுக்கும். குளிர்ந்த இழையோடு போடும் முதல் கணத்தில் அதைப்போல் பத்து மடங்கு. சின்ன ரீடு சுவிட்சின் தகுதியே 10 வாட், அரை ஆம்பியர். நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரீடு பார்க்க நல்லதுபோலவே இருக்கும். விரலால் சுண்டினால் விட்டுவிடும், அடுத்த தடவை மறுபடி ஒட்டும். ஒயரிங்காரர் "கனெக்ஷன் லூசு" என்று சொல்லி அரை நாள் தேடுவார். ரிலே போட்டாலும் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு கட்டாயம்.

---

லைன் வண்டிக்காரன் பதில்:

முதலாளி, நான் உங்கள் வண்டி டிரைவர் இல்லை, ஆனால் அந்த ரோட்டில் ஓடுகிறவன்தான். நியூட்ரல் அடிக்கிறவன் ஏன் அடிக்கிறான் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வரவேண்டும், குறைந்தால் உன் கணக்கில் பிடிப்பேன் என்று சொன்னால், இறக்கம் கண்ட இடமெல்லாம் அவன் நியூட்ரல்தான் போடுவான். சிலர் என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அது தற்கொலை. கம்ப்ரசர் நின்றுவிடும், ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் காற்று இறங்கும், ஸ்டீரிங் கல்லாகிவிடும். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. எல்லாச் சுமையும் டிரம்மில். லைனர் வாசம் வரும்போது மிதி அடியில் போய் நிற்கும்.

இன்னொன்று. வண்டிக்கு அடியில் புதிதாக ஒயர் ஓடினால் எங்களுக்குத் தெரியாமல் போகுமா? முதல் வாரமே கட்டிங் பிளையர் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று. நான் செய்வேன் என்று சொல்லவில்லை.

---

டேட்டா தம்பி பதில்:

பட்டறை அண்ணன் சொன்ன ரீடு விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மூன்று பிஎஸ்6 வண்டிக்கு அடியில் கைவைக்கவே தேவையில்லை என்று நினைக்கிறேன். அவற்றின் ஜே1939 லைனில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒயரில், என்ஜின் வேகமும் வண்டி வேகமும் தாமாகவே வந்துகொண்டிருக்கின்றன. என்ஜின் வேகம் 61444ஆம் பிஜிஎன்னில் (பிஜிஎன் என்பது அந்த லைனில் வரும் மெசேஜின் நம்பர்), வண்டி வேகம் 65265இல். இரண்டையும் வகுத்தால் கியர் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். 10.00ஆர்20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 208 சுற்று. ஆக்சில் விகிதம் 5.86 என்று வைத்துக்கொண்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 1,220. என்ஜினும் 1,220 காட்டினால் ஒன்றுக்கு ஒன்று கியர். 1,830 காட்டினால் 1.5 விகிதக் கியர். அதே 40இல் என்ஜின் 600இல் சும்மா உறுமிக்கொண்டிருந்தால் அந்த விகிதத்தில் எந்தக் கியரும் கிடையாது. நியூட்ரல், இல்லையென்றால் கிளட்ச் மிதித்திருக்கிறார். ரீடு சுவிட்ச் பிடிக்காத திருட்டு இது ஒன்று: கியரை அப்படியே விட்டுவிட்டு கிளட்ச்சை மிதித்தபடியே இறங்குவது. கிளட்ச் சுவிட்ச் உள்ள வண்டி என்றால் அதன் நிலையும் 65265லேயே வரும்.

டிரைவர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. செங்குத்தான இறக்கத்தில் கியரில் காலை எடுத்துவிட்டு வந்தால் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் என்ஜின் டீசல் பீச்சுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. 65266இல் டீசல் அளவு பூஜ்யம் என்றே வரும். நியூட்ரலில் வந்தால் என்ஜின் நிற்காமலிருக்க மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் எரியும். பழைய பம்ப் என்ஜினிலும் கவர்னர், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக்கை மூடிவிடும், கதை அதேதான். லேசான சரிவில் மட்டும் நியூட்ரலில் வண்டி இன்னும் தூரம் உருளும், அங்கே கொஞ்சம் மிச்சமாவது உண்மை. தொப்பூர் அப்படிப்பட்ட சரிவு இல்லை.

லைனை வெட்டி ஒட்டாமல், மேலே கவ்விப் படிக்கிற ரீடர் கிடைக்கிறது. வாரண்டி இருக்கும்போது அதுதான் பத்திரம். பழைய இரண்டு வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து என்ஜின் வேகம் எடுக்கலாம், கொஞ்சம் வேலை இருக்கிறது. அங்கே ரீடு வைப்பதே சுலபம்.

---

சங்ககிரி லோடு:

எல்லோருக்கும் நன்றி. லைன் வண்டிக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எங்கள் கணக்கும் நாலு கிலோமீட்டர் கணக்குதான். தொப்பூர் ரூட்டுக்கு மட்டும் அதைத் தளர்த்துவது பற்றி அப்பாவிடம் பேச வேண்டும், அவர் சம்மதிப்பாரா தெரியவில்லை.

பிஎஸ்6 மூன்றுக்கும் தம்பி சொன்ன வழி, பழைய இரண்டுக்கும் ரீடு என்று முடிவு செய்திருக்கிறேன். பட்டறை அண்ணனுக்கு இரண்டு கேள்வி. ஒயரை வெட்டினாலோ காந்தம் ஒட்டினாலோ எப்படித் தெரிந்துகொள்வது? கியர் மாற்றும்போதெல்லாம் நியூட்ரலைக் கடந்துதானே போக வேண்டும், அதற்கெல்லாம் மெசேஜ் வந்து குவியாதா?

---

பீளமேடு பட்டறை பதில்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நியூட்ரல் வந்தவுடன் எண்ணாதீர்கள். வேகம் 20க்கு மேல், நியூட்ரல் தொடர்ந்து 4, 5 வினாடிக்கு மேல், இரண்டும் சேர்ந்தால் மட்டும் பதிவாகட்டும். லோடு வண்டியில் கியர் மாற்ற அவ்வளவு நேரம் ஆகாது. டிராஃபிக்கில் உருண்டு போய் நிற்பதும் இதில் விழாது. பெட்டிக்காரரிடம் கேட்டால் சர்வரிலேயே இந்த விதியைப் போட்டுத் தருவார்கள்.

ஒயர் வெட்டுக்கு ரெசிஸ்டர் வைத்தியம். இதற்கு டிஜிட்டல் இன்புட் போதாது, பெட்டியில் அனலாக் இன்புட், அதாவது ஆன் ஆஃப் மட்டுமல்லாமல் வோல்ட்டையே அளக்கிற இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். ரீடின் ஒரு காலோடு வரிசையாக 2.2கே (2,200 ஓம்) ரெசிஸ்டர். அந்த இரண்டையும் சேர்த்து அதற்குக் குறுக்கே 10கே. இரண்டு ரெசிஸ்டரும் சென்சாருக்குள்ளேயே, சிலிக்கானுக்கு அடியில் இருக்க வேண்டும், பெட்டி பக்கம் அல்ல. பெட்டி பக்கம் 4.7கே புல்அப், அதாவது இன்புட்டிலிருந்து சப்ளைக்குப் போகிற ரெசிஸ்டர். இப்போது ஓம் கணக்கில் நான்கு நிலை தெரியும்: நியூட்ரலில் சுமார் 1.8கே, கியரில் 10கே, ஒயர் வெட்டினால் முடிவிலி, இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் பூஜ்யம். கடைசி இரண்டில் எது வந்தாலும் போன் போட்டுக் கேளுங்கள். அனலாக் இன்புட் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்துவிட்டு இணையுங்கள், ஓடும் வண்டியில் 24 என்பது 28. இன்புட்டில் கபாசிட்டர் போடுவதாக இருந்தால் ரீடுக்கு வரிசையில் ரெசிஸ்டர் இல்லாமல் போடவே கூடாது. கபாசிட்டர் ஒரே மூச்சில் கொட்டுகிற கரண்டே நாக்கை ஒட்டவைக்கப் போதும். மேலே சொன்ன 2.2கே அதையும் பார்த்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர் காந்தத்தைப் பொறுத்தவரை டிரைவர் அண்ணன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடுவில் ஒட்டுகிற மாதிரி நான் சொன்ன சுவிட்சில் வெளிக் காந்தம் வைத்தால் எப்போதும் நியூட்ரல் என்றுதான் காட்டும். அவரே அவரைக் காட்டிக்கொடுப்பார். ஆனால் லீவரிலிருந்து காந்தத்தைக் கழற்றி எறிந்தால் எப்போதும் கியர் என்று காட்டும், அதற்குத்தான் பயப்பட வேண்டும். அதனால் வண்டி நின்று, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் சிக்னல் வருகிறதா என்று சர்வரில் பார்க்கச் சொல்லுங்கள். டோல் வரிசையிலும் லோடு இறக்கும் இடத்திலும் கட்டாயம் வரவேண்டும். ஒரு நாள் முழுக்க வரவில்லை என்றால் காந்தம் போய்விட்டது.

வாங்குவதற்கு முன் ஷிஃப்ட் லீவரை நியூட்ரலிலும், இரண்டு கோடியிலும் நிறுத்தி, ஸ்கேலோடு ஒவ்வொரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பிராக்கெட்டுக்கு எந்த போல்ட்டைப் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். கேஸிங் போல்ட்டைக் கழற்றாதீர்கள், எண்ணெய் கசியும்.